ரண்வீர் சேனாவின் பலம் எங்கே இருந்தது?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒழுங்குமுறைப் படையாக இல்லாத ஓர் ஆயுதக் குழுவின் இராணுவ வலிமையை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்பைப் பார்த்துவிட்டு, மாவோயிஸ்டுகளைப் பற்றியோ ஈழத்தைப் பற்றியோ பேசப்போகிறேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது ரண்வீர் சேனா பற்றி. பீகாரில் நிலவுடைமைச் சாதியினர் கட்டிய கூலிப்படை அது. என் முனைவர் பட்ட ஆய்வும் அதைப் பற்றித்தான். முதலில் அந்த ஆய்வில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில் ஓர் இயல் எழுதினேன். பாதுகாப்பியல் துறையில் இதற்கென்று ஒரு வாய்பாடு உண்டு. ஆள் பலம் எவ்வளவு, ஆயுதம் என்னென்ன, பயிற்சி கொடுத்தது யார், கட்டளை அமைப்பு எப்படி, வேவுத் தகவல் எங்கிருந்து வருகிறது, பின்வாங்கிப் பதுங்க இடம் எது, இழப்பைத் தாங்கும் சக்தி எவ்வளவு. இந்தத் தலைப்புகளில் கட்டம் போட்டு நிரப்பினேன். நாட்டுத் துப்பாக்கி, உரிமம் பெற்ற துப்பாக்கி, பறித்த துப்பாக்கி என்று தனித்தனி வரிசை. கருத்தரங்கு ஒன்றில் வாசித்தபோது ஒரு பேராசிரியர், "இப்போதுதான் இது ஆய்வாகத் தெரிகிறது, இதுவரை மனு எழுதுவது போல் இருந்தது" என்று பாராட்டினார். மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் அந்த இயலைப் பற்றிச் சொன்னேன். அப்பா விவசாயக் கூலி. எழுத்துக் கூட்டிப் படிப்பார். கட்டத்தைப் பார்த்தவர், "ஏம்மா, இவ்ளோ துப்பாக்கி இருந்துச்சுன்னு எழுதியிருக்க. எதுத்தாப்ல எத்தன பேரு சுட்டாங்க?" என்றார். நான் அப்போது லட்சுமண்பூர் பாத்தே பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "யாரும் சுடலப்பா. தூங்கிட்டு இருந்தாங்க" என்றேன். "அப்ப இது எப்படிம்மா சண்டை ஆகும்? சண்டைன்னா ரெண்டு பக்கம் வேணும்ல" என்றார்.

அந்த இயலை நான் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அப்படி எழுதும்போது எனக்குப் புரிந்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பீகார் நிலவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. போஜ்பூர், பாட்னா, ஜெகனாபாத், அர்வல், கயா, ஔரங்காபாத் ஆகிய மாவட்டங்களை மத்திய பீகார் என்பார்கள். இதில் போஜ்பூர், அர்வல் பக்கமெல்லாம் சோன் ஆற்றுப் பாசனம். நல்ல வயல், மோசமான கூலி. தலித் பெண்கள்மீது பாலியல் வன்முறை அன்றாடம். கட்டிலில் உட்காரக்கூடாது, வாக்குச்சாவடிக்குப் போகக்கூடாது. 1970களின் தொடக்கத்தில் போஜ்பூரின் ஏக்வாரி கிராமத்திலிருந்து இதற்கு எதிராக ஓர் எழுச்சி கிளம்பியது. ஜெகதீஷ் மகதோ என்ற பள்ளி ஆசிரியர், ராமேஷ்வர் அஹிர், ராம் நரேஷ் ராம் ஆகியோர் அதன் முன்னோடிகள். அங்கிருந்து நக்சல்பாரி இயக்கம் அந்த வயல்வெளியில் வேர் பிடித்தது.

எதிர்த்தரப்பு சாதிவாரியாகப் படை கட்டியது. இதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குவர் சேனா ராஜபுத்திரர்களுடையது. பிரம்மரிஷி சேனா பூமிகார்களுடையது. ஆனால் பூமி சேனா குர்மிகளுடையது, லோரிக் சேனா யாதவர்களுடையது. குர்மியும் யாதவரும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள். நிலம் கைக்கு வந்ததும் துப்பாக்கியும் வந்தது. மேல்சாதி மட்டும்தான் படை கட்டும் என்று நினைத்தால் பீகாரும் புரியாது, நம் ஊரும் புரியாது.

1989 மக்களவைத் தேர்தலில் ஆரா தொகுதியில் இந்திய மக்கள் முன்னணியின் ராமேஷ்வர் பிரசாத் வென்றார். அந்தத் தேர்தல் நாளன்று, வாக்களிக்கத் துணிந்ததற்காக தன்வார் பிஹ்டாவில் 20-க்கும் மேற்பட்ட தலித்துகள் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் கூலிப் போராட்டம் நிற்கவில்லை, வாக்கும் நிற்கவில்லை. இந்தச் சூழலில் 1994-இல் போஜ்பூரின் பேலாவுர் கிராமத்தில் பூமிகார் நிலவுடைமையாளர்கள் கூடி ரண்வீர் சேனாவை அமைத்தார்கள். கோபிரா கிராமத்தின் முன்னாள் ஊராட்சித் தலைவரான பிரம்மேஷ்வர் சிங் அதன் தலைவரானார். ஊராட்சித் தலைவரை அங்கே 'முக்கியா' என்பார்கள். கடைசிவரை அவருக்கு அதுவே பெயர்.

1995 ஜூலையில் பீகார் அரசு சேனாவைத் தடை செய்தது. படுகொலைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு நடந்தவை. 1996 ஜூலை 11, பதானி தோலா, 21 பேர். 1997 டிசம்பர் 1, லட்சுமண்பூர் பாத்தே, 58 பேர். 1999 ஜனவரி 25, குடியரசு நாளுக்கு முந்தைய இரவு, சங்கர்பிகாவில் 20-க்கும் மேற்பட்டோர். இரண்டே வாரத்தில் நாராயண்பூர், 10-க்கும் மேற்பட்டோர். 2000 ஜூன், மியான்பூர், 30-க்கும் மேற்பட்டோர். செத்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். தலித்துகள், முஸ்லிம்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், மியான்பூரில் யாதவர்கள். பாத்தேயில் மட்டும் பெண்கள் 27, குழந்தைகள் 16. பெண்கள் நாளை நக்சல்களைப் பெறுவார்கள், குழந்தைகள் வளர்ந்து நக்சல்கள் ஆவார்கள் என்று சேனாவினர் இதற்குக் காரணமும் சொன்னார்கள். குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் பாத்தே படுகொலையை தேசிய அவமானம் என்றார்.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருவோம். ஒவ்வொரு வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் ஆள் பலம். சேனாவில் நிரந்தரச் சிப்பாய்கள் குறைவு. பெரும்பாலோர் பகலில் விவசாயி, வக்கீல், ஒப்பந்ததாரர், கல்லூரி மாணவர். வேலை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாத்தேக்கு வந்தவர்கள் நூறு பேர் அளவில் என்று பதிவுகள் சொல்கின்றன. ஒரு மாநிலக் காவல்துறையோடு ஒப்பிட்டால் இது ஓர் எண்ணிக்கையே அல்ல.

அடுத்து ஆயுதம். நாட்டுத் துப்பாக்கிகளும் ரைபிள்களும் இருந்தன. படைக்கருவிகள் சிலவும் இருந்ததாகச் சேனாவினரே பின்னாளில் சொன்னார்கள். ஆனால் இந்தத் துப்பாக்கிகளில் ஒரு பகுதிக்கு அரசு உரிமம் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாவட்ட நிர்வாகம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமம். தற்காப்புக்காக என்று விண்ணப்பத்தில் எழுதி வாங்கியது. மற்ற ஆயுதக் குழுக்களெல்லாம் காவல் நிலையத்தைத் தாக்கி ஆயுதம் பறிக்கிறார்கள். உரிமம் வைத்திருப்பவனுக்கு அந்தச் சிரமம் இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்றால் போதும். அந்த வரிசையில் நிலமற்றவன் நிற்க முடியுமா என்பது வேறு கேள்வி.

பயிற்சி. 2015-இல் கோப்ராபோஸ்ட் இணையதளம் மறைகேமராவில் சேனாவினர் சிலரின் பேச்சைப் பதிவு செய்து வெளியிட்டது. விடுப்பில் வந்த, ஓய்வு பெற்ற இராணுவத்தினர் தங்களுக்குப் பயிற்சி தந்ததாக அதில் அவர்கள் பெருமையோடு சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பயிற்சி எதற்கு வேண்டும்? எதிரி திருப்பிச் சுடும்போது பதறாமல் இருப்பதற்கு. தூங்கும் குடிசையின் கதவை உதைப்பதற்கு என்ன பயிற்சி வேண்டும்?

இராணுவ ஆய்வாளர்கள் இழப்பு விகிதம் என்று ஒன்று பார்ப்பார்கள். நம் பக்கம் ஒருவர் விழுந்தால் எதிர்ப்பக்கம் எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற கணக்கு. பாத்தேயில் அது 58-க்குச் சுழியம். என் பழைய இயலில் இதை 'மிக உயர்ந்த தாக்குதல் திறன்' என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. அந்த எண்ணில் திறன் என்று எதுவும் இல்லை. ஒரு பக்கம் ஆயுதம், மறுபக்கம் வெறுங்கை. அவ்வளவுதான் அந்த எண் சொல்வது. சோன் ஆற்றைக் கடந்து வந்தவர்கள், தங்களை ஏற்றிவந்த படகோட்டிகளையும் கொன்றுவிட்டுப் போனார்கள். சாட்சி இருக்கக்கூடாது என்பது போரைப் பற்றிய கவலை அல்ல, வழக்கைப் பற்றிய கவலை. அந்த இரவில் அவர்கள் அஞ்சியது ஒரு சாட்சிக் கூண்டுக்குத்தான்.

அடுத்து பதுங்கும் இடம். இந்த வரிசையில்தான் என் வாய்பாடு முழுசாக உடைந்தது. கெரில்லாக் குழு எதுவாக இருந்தாலும் அதற்குக் காடோ, மலையோ, எல்லை தாண்டிய நாடோ வேண்டும் என்பது பாடம். போஜ்பூரில் காடு கிடையாது, மலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல், கால்வாய், தார்ச்சாலை. இராணுவக் கணக்குப்படி தடை செய்யப்பட்ட ஒரு படை அங்கே ஆறு மாதம் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் சேனா ஆண்டுக்கணக்கில் இருந்தது. தலைவர்களின் ஊர் தெரியும், வீடு தெரியும், உறவினர் யார் என்று தெரியும்.

அவர்களுடைய காடு எது? பதானி தோலாவுக்கு அருகிலேயே காவல் முகாம்கள் இருந்தன. தாக்குதல் நடந்தது பட்டப்பகலில். முகாம்களிலிருந்து யாரும் வரவில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 1999 அறிக்கை, காவல்துறைக்கும் சேனாவுக்கும் இருந்த உறவை விரிவாகவே பதிவு செய்தது. அந்தக் காவல்துறைக்குச் சுடத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1986 ஏப்ரல் 19 அன்று அர்வலில், நிலத் தகராறு ஒன்றுக்காகக் கூடிய ஏழை மக்கள்மீது அதே மாநிலக் காவல்துறை சுட்டதில் 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சுடும் திறன் இருந்தது. யாரை நோக்கி என்பதுதான் வேறுபட்டது.

எனவே சேனாவின் இராணுவ வலிமையைத் தனியாக அளக்கவே முடியாது என்ற முடிவுக்கு வந்தேன். ஸ்டீபன் பிடில் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆயுத எண்ணிக்கையும் தொழில்நுட்பமும் மட்டும் போரின் முடிவைத் தீர்மானிப்பதில்லை, படையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது முக்கியம் என்று 2004-இல் எழுதினார். நல்ல பாடம்தான். ஆனால் சாதிப் படைகளுக்கு அது போதாது. அந்தப் படை செயல்படும் நேரத்தில் அரசின் படை என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற இன்னொரு வரிசை வேண்டும். அந்த வரிசையை நிரப்பாத எந்த மதிப்பீடும் ஒரு கும்பலைப் படையாக உயர்த்திக் காட்டும் வேலையைத்தான் செய்யும். 'சேனா' என்ற பெயரை அவர்கள் வைத்துக்கொண்டதும் அந்த மரியாதைக்குத்தான்.

இந்த வரிசையில் காவல்துறைக்கு அடுத்து அரசியல். பாத்தேக்குப் பிறகு, சேனாவுக்கும் அரசியல் கட்சிகளுக்கும் இருந்த தொடர்பை விசாரிக்க ராப்ரி தேவி அரசு நீதிபதி அமீர் தாஸ் ஆணையத்தை அமைத்தது. ஆண்டுகள் ஓடின. 2006-இல் நிதிஷ் குமார் அரசு, இறுதி அறிக்கை வரும் முன்பே அந்த ஆணையத்தைக் கலைத்தது. முக்கியா 2002 ஆகஸ்டில் கைதானார். 2004 மக்களவைத் தேர்தலில் சிறையிலிருந்தே ஆராவில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். ஆனால் பதானி தோலா வழக்கில் அவர் 'தலைமறைவு' என்றே காட்டப்பட்டார். ஆரா சிறையில் இருக்கும் ஆளை அதே ஆரா நீதிமன்றத்தில் காணவில்லை என்கிறார்கள். எந்தக் காட்டில் இவ்வளவு அடர்த்தி உண்டு?

கடைசியாக நீதிமன்றம். பதானி தோலா வழக்கில் 2010 மே மாதம், படுகொலை நடந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, ஆரா அமர்வு நீதிமன்றம் 3 பேருக்கு மரண தண்டனையும் 20 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2012 ஏப்ரலில் பாட்னா உயர்நீதிமன்றம் 23 பேரையும் விடுவித்தது. பாத்தே வழக்கில் 2010 ஏப்ரலில் 16 பேருக்கு மரண தண்டனை, 10 பேருக்கு ஆயுள். 2013 அக்டோபர் 9 அன்று 26 பேரும் விடுதலை. 2015-இல் சங்கர்பிகா வழக்கிலும் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் விடுதலை. பதானி தோலாவில் ஒளிந்திருந்து பார்த்ததாகச் சொன்ன சாட்சிகளை உயர்நீதிமன்றம் நம்பவில்லை. ஒளியாமல் நின்று பார்த்தவர்கள் சாட்சி சொல்ல உயிரோடு இல்லை.

கீழ்வெண்மணியை நினைக்காமல் இதைப் படிக்க நம்மால் முடியுமா? 1968 டிசம்பர் 25, 44 பேர். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் கூடியவர்கள், கோபாலகிருஷ்ண நாயுடு. அமர்வு நீதிமன்றம் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. தஞ்சைக்கும் போஜ்பூருக்கும் மொழி வேறு, ஆறு வேறு, சாதிப் பெயர் வேறு. அமர்வு நீதிமன்றத்தில் தண்டனை, உயர்நீதிமன்றத்தில் விடுதலை என்ற வரிசை மட்டும் மாறவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1992-இல் கயா மாவட்டம் பாராவில் 30-க்கும் மேற்பட்ட பூமிகார்களை மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையம் கொன்றது. 1999 மார்ச் 18 அன்று சேனாரியில் 34 பேர். கழுத்தறுத்துக் கொன்றார்கள். அந்த ஊரில் பிறந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர்களும் அதில் இருந்தார்கள். அது பழிவாங்கல். விடுதலை அரசியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. கொல்லப்பட்டவனின் சாதியைப் பார்த்து நம் கண்ணீரை அளந்தால், நாமும் அவர்களின் கணக்குப் புத்தகத்தைத்தான் வைத்திருக்கிறோம். இராணுவக் கணக்குப்படி பார்த்தாலும், பாரா, சேனாரி போன்ற ஒவ்வொரு நிகழ்வும் சேனாவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

ஆனால் பாரா வழக்கு போன பாதையையும் சொல்ல வேண்டும். அது தடா சட்டத்தின் கீழ் நடந்தது. 2001-இல் நான்கு பேருக்கு மரண தண்டனை. அதில் மூவர் தலித்துகள். 2002-இல் உச்சநீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டும் தண்டனை உறுதியானது. 2017-இல்தான் குடியரசுத் தலைவர் அதை ஆயுளாகக் குறைத்தார். பதானி தோலா நடக்கும்போது தடா காலாவதியாகியிருந்தது, எனவே இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். சேனாரி வழக்கிலும் 2021-இல் பாட்னா உயர்நீதிமன்றம் தண்டனை பெற்றிருந்தவர்களை விடுவித்தது என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் பாரா வழக்கின் நால்வர் தூக்குக் கயிற்றின் நிழலில் இருந்த ஆண்டுகளில், ரண்வீர் சேனாவின் பெரிய படுகொலை வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலையில் முடிந்தன. பாதிக்கப்பட்ட மக்கள் இதைச் சட்ட நுணுக்கமாகப் பார்க்கவில்லை. இனி யார் யாரைக் கொல்லலாம் என்பதற்கான அறிவிப்பாகப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் சேனா வென்றதா? இதையும் இராணுவ மொழியிலேயே கேட்கலாம். ஒரு படையின் வெற்றியைக் கொன்ற எண்ணிக்கையால் அளப்பதில்லை, நோக்கம் நிறைவேறியதா என்று பார்க்க வேண்டும். சேனாவின் நோக்கம் கூலியைப் பழையபடி அடக்குவது, கொடியை இறக்குவது, வாக்கைப் பறிப்பது. பதானி தோலா எந்த சகார் வட்டாரத்தில் இருக்கிறதோ, அந்த சகார் தொகுதியில் 1995-இல் ராம் நரேஷ் ராம் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். பதானி தோலாவும் பாத்தேயும் நடந்து முடிந்த பிறகு, 2000-இல் அதே தொகுதி அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தது. இத்தனை பிணங்களுக்குப் பிறகும் அந்த மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். என் கட்டத்தில் 'மன உறுதி' என்று ஒரு வரிசை இருந்தது. அதில் சேனாவின் பெயர் எழுதியிருந்தேன். இப்போது அழித்துவிட்டேன்.

2011-இல் பிணையில் வந்த முக்கியா, 2012 ஜூன் 1 அன்று காலை நடைப்பயிற்சியின்போது ஆராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று ஆராவில் தாக்கப்பட்டது எது தெரியுமா? தலித் மாணவர் விடுதி. மறுநாள் இறுதி ஊர்வலம் பாட்னாவுக்குள் வந்தபோது வாகனங்கள் எரிந்தன, காவல்துறை ஒதுங்கி நின்றது. விடுதியில் தங்கிப் படித்தவள் என்ற முறையில் அந்தச் செய்தியை என்னால் அடிக்குறிப்பாக மட்டும் வைக்க முடியவில்லை. ஒரு படை தன் எதிரி யார் என்று நினைக்கிறது என்பதை அதன் அறிக்கையில் தேட வேண்டாம். தலைவன் செத்த அன்று அது எங்கே ஓடுகிறது என்று பார்த்தால் போதும். அது புத்தகமும் தட்டும் இருந்த அறைகளை நோக்கி ஓடியது.

அப்பா அன்று இன்னொன்றும் சொன்னார். எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்ததாம். ஆயுத பூசை அன்று திண்ணையில் சந்தனப் பொட்டு வைத்துச் சாத்தி வைப்பார்களாம். "அது வெடிச்சு நான் கேட்டதே இல்லம்மா. கொக்கு சுடுவாங்கன்னு சொல்லுவாங்க. ஆனா அந்த வாசல் வந்தா சைக்கிள விட்டு எறங்கிடுவோம்." ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் ஓர் ஊரையே சைக்கிளிலிருந்து இறக்கிய அந்தத் துப்பாக்கியை என் கட்டத்தில் எந்த வரிசையில் எழுதுவது?

அம்பேத்கர் 1936-இல், 'சாதியை அழித்தொழித்தல்' உரையில், இந்த நாட்டில் ஏன் சமூகப் புரட்சி நடக்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேடுகிறார். சதுர்வர்ணம் கீழே இருப்பவனுக்கு ஆயுதத்தையும் கல்வியையும் மறுத்துவிட்டதால் அவன் எதிர்க்க வழியற்றுப் போனான் என்பது அவர் வாதம். ஆயுதம் யாரிடம் இருக்கலாம் என்பது வருணக் கேள்வி என்று அவர் அன்றே பார்த்துவிட்டார். அரசமைப்பு வந்த பிறகு அந்தக் கேள்வி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் உரிமப் பதிவேட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இங்கே நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு சட்ட விதியைச் சொல்லி முடிக்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995 மார்ச் 31 அன்று விதிகள் வெளியிடப்பட்டன. அதில் மூன்றாவது விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை மாநில அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். அந்தப் பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கே உரிமம் வழங்கலாம் என்றும் அந்த விதி சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். யாரிடம் ஆயுதம் இருக்கிறது, எந்த ஊர் ஆபத்தில் இருக்கிறது என்று கணக்கெடுப்பது ஆய்வாளரின் விருப்பப் பாடம் அல்ல. அது அரசின் சட்டக் கடமை. இந்த விதி வந்து பதினைந்து மாதம் கழித்துத்தான் பதானி தோலா எரிந்தது. சேனா தடை செய்யப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. ஆபத்தான பகுதி எது என்று கண்டுபிடிக்க அந்த மாவட்டத்தில் துப்பறிவாளர் தேவைப்பட்டிருக்காது.

எங்களுக்குத் துப்பாக்கி கொடு என்று கேட்கச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. அந்த விதியின் முதல் பாதியைக் கேட்போம் என்கிறேன். அந்த விதி பீகாருக்கு மட்டுமானது அல்ல, நம் மாவட்டத்துக்கும் அதுதான் சட்டம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். நம் மாவட்டத்தில் நடப்பில் உள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை? மூன்றாவது விதியின் கீழ் அடையாளம் காணப்பட்ட கிராமங்கள் எவை? அந்த விதியின்படி இதுவரை ரத்து செய்யப்பட்ட உரிமங்கள் எத்தனை? யாருடைய பெயரும் வேண்டாம். எண்ணிக்கை போதும். இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் உங்கள் மாவட்டத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டால், என் ஆய்வேட்டைவிடப் பயனுள்ள ஓர் ஆவணம் நம் கையில் இருக்கும்.

நான் என் மாவட்டத்துக்குப் போட்டிருக்கிறேன். முப்பது நாள் தாண்டிவிட்டது, பதில் இல்லை. முதல் மேல்முறையீடு எழுதி வைத்திருக்கிறேன், நாளை தபாலில் சேர்க்க வேண்டும். அதில் நான்காவதாக ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னார் அப்பா. அந்தப் பண்ணை வீட்டுத் துப்பாக்கிக்கு இன்னும் உரிமம் இருக்கிறதா என்று. மேல்முறையீட்டில் புதுக் கேள்வி சேர்க்க முடியாது என்று சொன்னேன். "அப்ப தனியா இன்னொரு பத்து ரூபா கட்டு" என்றார். கட்டுகிறேன்.